வீட்டுத் தோட்டத்தில் பூக்காலத்தைக் குறித்து வைப்பது எப்படி?

கொடிமுல்லை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வீட்டைச் சுற்றியுள்ள சிறிய இடத்திலும் மாடித் தொட்டிகளிலுமாகச் செம்பருத்தி, மல்லிகை, நந்தியாவட்டை, சங்குப்பூ, காகிதப்பூ, செவ்வந்தி, மழை லில்லி, ரங்கூன் மல்லி ஆகியவற்றை வளர்த்து வருகிறேன். எந்தச் செடியில் எப்போது முதல் பூ மலர்ந்தது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. அந்தக் குறிப்புகளைக் கொண்டு பருவங்கள் மாறுவதைப் படித்தறிய முடியுமா என்று இப்போது பார்க்க விரும்புகிறேன்.

எனக்குள்ள ஐயங்கள் இவை. முதல் பூவின் தேதியைக் குறிப்பது மட்டும் போதுமா? ஒரே தாய்ச்செடியிலிருந்து பதியம் போட்ட இரண்டு மல்லிகைகளில் ஒன்று முன்னதாகவும் மற்றொன்று பல நாள்கள் கழித்தும் பூக்கும்போது எதன் தேதியைக் கணக்கில் கொள்வது? செம்பருத்தி, நந்தியாவட்டை போல ஆண்டு முழுவதும் ஏதோ ஓர் அளவில் பூத்துக்கொண்டே இருக்கும் செடிகளில் பருவத்தை எப்படிக் காண்பது? நான்கு பருவங்களாகப் பிரித்து எழுதப்பட்ட அட்டவணைகள் என் தோட்டத்துக்குப் பொருந்தவே இல்லை. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்ற ஆறும் ஓரளவு பொருந்துகின்றன. ஆனாலும் செடிகள் அந்த எல்லைகளை மதிப்பதாகத் தெரியவில்லை. நீண்ட காலமாகக் குறிப்பெடுத்து வருபவர்கள் தங்கள் முறையை விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதியன்

நல்ல கேள்வி. முதல் பூவின் தேதி பயனற்றது என்று சொல்ல மாட்டேன். இங்கிலாந்தில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736இல் தம் நிலத்தில் முதல் பூ, முதல் தளிர், முதல் பறவைக்குரல் ஆகியவற்றைக் குறிக்கத் தொடங்கினார். அவருக்குப் பின்னும் அவர் குடும்பத்தார் 1958 வரை அதைத் தொடர்ந்தார்கள். பருவ மாற்றத்தை ஆராய்பவர்கள் இன்றும் அந்தத் தேதிகளை எடுத்தாளுகிறார்கள். ஆகவே முறை பழமையானதும் மதிப்புடையதும்தான்.

ஆனால் முதல் பூவில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஒரு தோட்டத்தில் இரண்டு மல்லிகைகள் இருந்த ஆண்டையும் பத்து மல்லிகைகள் இருந்த ஆண்டையும் ஒப்பிட்டால், பருவத்தில் எந்த மாற்றமும் இல்லாவிட்டாலும் பத்துச் செடிகள் இருந்த ஆண்டில் முதல் பூ முந்தியே வரும். செடிகளின் எண்ணிக்கை கூடும்போது அவற்றில் ஏதேனும் ஒன்று முந்திக்கொள்ளும் வாய்ப்பும் கூடுகிறது என்பதே காரணம். நோயுற்ற செடியோ, வேர் நெருக்கடியில் சிக்கிய தொட்டிச் செடியோ காலம் தவறி ஒரு பூவை விட்டுவிடுவதும் உண்டு. அதை எழுதிவிட்டு, இவ்வாண்டு பூக்காலம் முந்தியது என்று முடிவு செய்வது பிழையாகும்.

இதற்கு ஜப்பானியர் கையாளும் வழி எனக்கு மிகவும் பிடித்தது. அந்நாட்டு வானிலைத் துறை செர்ரிப் பூக்காலத்தை அறிவிப்பதற்கென்று ஊர்தோறும் ஒரு மாதிரி மரத்தைக் குறித்து வைத்திருக்கிறது. அம்மரத்தில் ஐந்து அல்லது ஆறு பூக்கள் மலர்ந்தால்தான் பூக்காலம் தொடங்கியதாகப் பொருள். மொட்டுகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு விரிந்தால் அது முழு மலர்ச்சி. எந்த மரம், எத்தனை பூ என்ற இரண்டும் முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டிருப்பதால் பார்ப்பவர் மாறினாலும் அளவுகோல் மாறுவதில்லை. கியோட்டோ நகரில் செர்ரி மலர்ந்த காலம் பற்றிய பதிவுகள் கி.பி. 812 தொடங்கிக் கிடைக்கின்றன. 2021இல் மார்ச் 26 அன்று வந்த முழு மலர்ச்சி, அதுவரையிலான அந்த நெடிய பதிவிலேயே மிக முந்தியது. நாட்குறிப்புகளிலும் அரசவை விழாக் குறிப்புகளிலும் சிதறிக் கிடந்த தேதிகளை ஒன்றாகக் கோக்க முடிந்ததற்கு, அவை ஏறத்தாழ ஒரே நிலையை, அதாவது முழு மலர்ச்சியைக் குறித்தவை என்பது பெருங்காரணம்.

எனவே தங்கள் இரண்டு மல்லிகைகளில் எதன் தேதி என்ற கேள்விக்கு என் விடை: இரண்டின் தேதிகளையும் தனித்தனியாக எழுதுங்கள், சேர்க்காதீர்கள். செடிக்கு ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணைத் தகட்டில் எழுதிக் கட்டிவிடுங்கள். பெரிய செடியானால் ஒரு கிளையை மட்டும் தேர்ந்து அதில் நூல் கட்டி, அதையே பாருங்கள். வேளாண் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் பிபிசிஎச் அளவுகோலில் முதல் பூக்கள் விரிந்த நிலைக்கு 60, பத்தில் ஒரு பங்கு விரிந்ததற்கு 61, பாதி விரிந்த முழு மலர்ச்சிக்கு 65, பூத்து ஓய்ந்ததற்கு 69 என்று எண்கள் உண்டு. (ஜப்பானியரின் 80 விழுக்காடும் இந்த 65ஆம் நிலையும் ஒன்றல்ல, ஏதேனும் ஒன்றை மட்டும் கொள்ளுங்கள்.) அத்தனை நுட்பம் வேண்டாமென்றால் அரும்பு, தொடக்கம், பாதி, முடிவு என்ற நான்கு நிலைகளே போதும்.

காகிதப்பூவுக்குத் தனியாக ஒரு சொல். வண்ணத்தில் பகட்டாகத் தெரிவது பூவடிச் செதில். உண்மையான பூ அதனுள் குழல் வடிவில் சிறியதாக, வெளிர் நிறத்தில் மும்மூன்றாக இருக்கும். செதில் நிறம் பெறுவதற்கும் உள்ளிருக்கும் பூ விரிவதற்கும் இடையே நாள்கள் கழிகின்றன. எதைக் குறிக்கிறீர்கள் என்பதைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். மல்லிகையை மாலையில் அரும்பாகவே பறித்துவிடும் வீடுகளில் மலர்ந்த பூவை எண்ணுவதில் பொருளில்லை. அங்கே முற்றிய அரும்பை எண்ண வேண்டும்.

நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது வேறொன்று. காட்டு மரத்துக்கும் தோட்டச் செடிக்கும் உள்ள பெரிய வேறுபாடு நம்முடைய கைதான். மல்லிகையும் செம்பருத்தியும் புதிதாக வரும் தளிர்களில் அரும்புபவை. கவாத்து செய்தால் புதுத் தளிர் வரும். அது முதிர்ந்து அரும்பு விடும். ஆகவே கவாத்தை ஒரு மாதம் தள்ளிச் செய்த ஆண்டில் பூக்காலமும் தள்ளிப் போவதில் வியப்பில்லை. அதற்கும் வானிலைக்கும் தொடர்பு குறைவு. சங்குப்பூவில் காய்களைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் பூப்பது நீளும். விட்டுவிட்டால் செடி விதையில் கவனம் செலுத்தி ஓயத் தொடங்கும். உரமிட்ட நாள், தொட்டி மாற்றிய நாள், கவாத்து நாள், நீர் தவறிய நாள் ஆகியவை எழுதப்படாத குறிப்பேடு, பருவத்தைக் காட்டுவதாக நினைத்துக்கொண்டு தோட்டக்காரரின் வேலை நாள்களைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். தங்கள் இரண்டு மல்லிகைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு கூட இதில்தான் அடங்கியிருக்கும் என்று கருதுகிறேன். ஒன்று தரையிலும் ஒன்று தொட்டியிலும் இருக்கின்றனவா?

வேரடி

பதியன் ஐயா சொன்னவற்றோடு உடன்படுகிறேன். எதை எழுதுவது என்று அவர் சொல்லிவிட்டதால், செடி எதைக் கேட்டுப் பூக்கிறது என்பதை மட்டும் சேர்க்கிறேன். அது தெரியாவிட்டால் குறிப்பேட்டில் எந்தக் கட்டம் தேவை என்பதும் தெரியாது.

சில செடிகள் இரவின் நீளத்தைப் பார்க்கின்றன. அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்ற இருவர், கோடை முழுவதும் பூக்காமல் உயர்ந்துகொண்டே போன ஒரு புகையிலை வகையை ஆராய்ந்து, பகற்பொழுதைச் செயற்கையாகக் குறுக்கினால் அது பூக்கிறது என்று 1920இல் வெளியிட்டார்கள். பின்னர் 1938இல் ஹாம்னர், பானர் இருவரும் மருளூமத்தை இனச் செடியில் செய்த சோதனையில், செடி அளப்பது பகலையன்று, இடையறாத இருளையே என்பது தெளிவாயிற்று. நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் விளக்கேற்றினாலே அச்செடி பூக்க மறுத்தது. செவ்வந்தி இவ்வகையைச் சேர்ந்தது. மலர் வளர்ப்போர் செவ்வந்தி வயலில் இரவில் விளக்கெரித்து அரும்பு விடுவதைத் தள்ளிப்போடுவதும், கறுப்புத் துணியால் மூடி முந்தச் செய்வதும் இந்த அறிவைக் கொண்டுதான்.

இரவின் நீளத்தைப் பார்க்கும் செடிகள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே தேதியில் அரும்பும். ஏனெனில் சூரியன் நாள் தவறுவதில்லை. நிலநடுக்கோட்டிலிருந்து 10 பாகை தள்ளியுள்ள இடத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 70 நிமிடங்கள்தான். 50 பாகையில் அது எட்டு மணி நேரத்தைத் தாண்டும். இவ்வளவு சிறிய மாற்றத்தையும் உணரும் செடிகள் வெப்ப மண்டலத்தில் உண்டு. ஆனால் அங்கே பெரும்பாலான செடிகளுக்கு நீர்தான் நாட்காட்டி.

மழை லில்லியைப் பாருங்கள். வறண்டு கிடந்த மண்ணில் நல்ல மழை இறங்கிய சில நாள்களில் பூத்தண்டு எழும். காப்பிச் செடியின் அரும்புகள் வறட்சியில் உறங்கிக் கிடந்து, மழை பெய்த ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள்களுக்குள் ஒருசேர மலர்கின்றன. தென்கிழக்கு ஆசியாவின் புறா ஆர்க்கிட் இன்னும் விந்தையானது. மழையோடு வரும் திடீர்க் குளிர்ச்சியை உணர்ந்து, ஒன்பது நாள் கழித்து அப்பகுதியிலுள்ள அத்தனை செடிகளும் ஒரே நாளில் மலரும். காகிதப்பூ இதற்கு நேர்மாறு. நீர் குறைந்தால் நிறம் பெறும், நீர் மிகுந்தால் இலையாக வளரும். ஆகவே தங்கள் குறிப்பேட்டில் மழைக்கு ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும். பக்கங்கள் நேராக உள்ள ஒரு பாத்திரத்தைத் திறந்த வெளியில் வைத்து, நின்ற நீரின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்தால் போதும். கையால் நீர் ஊற்றுவதையும் அதே அளவில் எழுதலாம். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் என்பது ஒரு மில்லிமீட்டர் மழைக்குச் சமம்.

குளிர்ந்த நாடுகளின் ஆப்பிள், செர்ரி, டூலிப் போன்றவை குளிரைக் கணக்கிட்டுப் பின்னர் வெப்பத்தைக் கணக்கிடுபவை. தங்கள் பட்டியலில் அப்படி எதுவும் இல்லாததால் அதை விட்டுவிடுகிறேன்.

கொடிமுல்லை

இருவருக்கும் நன்றி. பதியன் ஐயா ஊகித்தது சரியே. ஒரு மல்லிகை தரையிலும் மற்றொன்று மாடித் தொட்டியிலும் இருக்கின்றன. வேரடி அவர்களின் விளக்கத்தைப் படித்தவுடன் ஒன்று தோன்றியது. செவ்வந்தித் தொட்டிகளில் இரண்டு, வாயிற்புற விளக்கின் கீழே உள்ளன. அவ்விளக்கு இரவு முழுவதும் எரியும். அவை மட்டும் மற்றவற்றுக்குப் பின்னரே அரும்புகின்றன. விளக்குதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல ஏதேனும் வழி உண்டா? ஆண்டு முழுவதும் பூக்கும் செடிகளைப் பற்றிய கேள்வியும் இன்னும் நிற்கிறது.

வேரடி

உண்டு. ஆனால் விளக்கின் கீழுள்ள இரண்டையும் இருட்டுக்கு நகர்த்திவிடாதீர்கள். ஒன்றை அங்கேயே விட்டு, மற்றொன்றை நகர்த்துங்கள். அதற்கு ஈடாக, இருட்டிலிருந்த தொட்டி ஒன்றை விளக்கின் கீழ் கொண்டுவாருங்கள். இருட்டிலேயே விட்ட தொட்டி ஒன்றையும் சேர்த்து நால்வகை நிலையும் கையில் இருந்தால்தான், தாமதத்துக்குக் காரணம் விளக்கா, அந்தக் குறிப்பிட்ட செடியா, இடம் மாற்றிய அதிர்ச்சியா என்று பிரித்தறியலாம். நான்கும் ஒரே வகைச் செவ்வந்தியாக இருப்பது முக்கியம். வகைக்கு வகை வேண்டிய இருளின் நீளம் வேறுபடும். அரும்பு கண்ணுக்குத் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்பதால், பூக்கும் காலத்துக்கு வெகு முன்னரே இதைத் தொடங்க வேண்டும். செடியில் இருளை உணரும் நிறமிக்குச் சிவப்பொளியில்தான் உணர்வு மிகுதி. மஞ்சள் கலந்த வெப்ப நிற விளக்குகளில் சிவப்பொளி கூடுதலாக இருக்கும்.

தும்பி

ஆண்டு முழுவதும் பூக்கும் செடிகளைப் பற்றி நான் எழுதலாம். என் தோட்டத்தில் பெரும்பாலும் அவைதாம்.

அவற்றில் தொடக்கமும் முடிவும் இல்லை. ஏற்றமும் இறக்கமும் உண்டு. ஆகவே தேதியைக் கைவிட்டு எண்ணிக்கைக்கு மாற வேண்டும். வாரத்தில் ஒரே கிழமை, ஒரே நேரத்தில், குறித்த செடியில் அன்று விரிந்திருக்கும் பூக்களை எண்ணுங்கள். செம்பருத்தியின் பூ பெரும்பாலான வகைகளில் ஒரு நாளே நிற்பதால் எண்ணுவது எளிது. இன்று எண்ணிய பூ அடுத்த வாரக் கணக்கில் மீண்டும் வராது. பூவே இல்லாத வாரத்தில் சுழி என்று எழுத வேண்டும். வெற்றிடமாக விட்டால், பூ இல்லையா பார்க்கவில்லையா என்பது பின்னாளில் விளங்காது. ஓராண்டு எண்ணிக்கையை வரைபடமாக இட்டால் மேடும் பள்ளமும் தெரியும். அந்த மேடுகளின் நடு நாளே தங்கள் செம்பருத்தியின் பருவம்.

பூவை மட்டும் பார்ப்பதையும் கைவிடுங்கள் என்பேன். இலை உதிர்வதும் தளிர் வருவதும் பல வேளைகளில் பூவை விடத் தெளிவான அறிகுறி. ஈழத்தலரி வறண்ட காலத்தில் இலை உதிர்த்து, வெறுங்கிளை நுனியில் பூங்கொத்தை ஏந்தி நிற்கும். அதில் இலையில்லாத காலத்தின் தொடக்கத்தையும் முடிவையும் எழுதாமல் பூவை மட்டும் எழுதினால் பாதிச் செய்தி போய்விடும்.

பூ விரியும் மணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாவரவியலாளர் லின்னேயஸ் 1751இல் பூக்களை மூன்றாகப் பிரித்தார். வானிலைக்கேற்ப விரியும் நேரம் மாறுபவை ஒரு பிரிவு. பகலின் நீளத்துக்கேற்ப மாறுபவை இரண்டாவது. நேரம் தவறாதவை மூன்றாவது. இந்த மூன்றாம் வகையைக் கொண்டு பூக்களாலேயே ஒரு கடிகாரம் அமைக்கலாம் என்பது அவர் எண்ணம். அந்தி மந்தாரையும் பத்துமணிப் பூவும் தங்களிடம் இருந்தால் அவை எந்தப் பிரிவில் விழுகின்றன என்று தாங்களே காணலாம். மேகம் மூடிய நாளில் பத்துமணிப் பூ சோம்பிக் கிடக்கும். காலைப் பூக்களில் நீல நிற மார்னிங் குளோரி இருள் தொடங்கிய ஏறத்தாழ பத்து மணி நேரத்துக்குப் பின் விரிவது. ஆகவே சூரியன் முந்தி மறையும் மாதங்களில் அது முந்தியே விரிந்துவிடும். ஒரே பூவில் பருவத்தை மணிக்கணக்கில் காண இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

தங்களிடமுள்ள ரங்கூன் மல்லி இன்னொரு சுவையான செடி. அந்தியில் வெண்மையாக விரியும் பூ மறுநாள் இளஞ்சிவப்பாகவும் அதன் பின் செஞ்சிவப்பாகவும் மாறும். வெள்ளைப் பூவை இரவில் அந்துப்பூச்சிகள் நாடும். நிறம் ஏறிய பின் பகலில் தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் வரும். ஒரு கொத்தில் வெள்ளை எத்தனை, சிவப்பு எத்தனை என்று எண்ணினாலே அன்று புதிதாக விரிந்தவை எவை, பழையவை எவை என்பது தெரிந்துவிடும். தேதிச் சீட்டைத் தானே ஒட்டிக்கொண்டு வரும் பூ அது. வரும் பூச்சிகளைப் பெயர் தெரியாவிட்டாலும் எழுதுங்கள். ‘பெரிய கறுப்பு வண்டு, நீல இறக்கை’ என்றாலே போதும். பூவின் காலமும் பூச்சியின் காலமும் சேர்ந்து நகர்கின்றனவா, விலகுகின்றனவா என்பதுதான் எனக்குப் பூவின் தேதியைவிட முக்கியமான கேள்வியாகப் படுகிறது.

மண்வெட்டி

இவ்வளவையும் ஒருவர் செய்வாரா என்று ஐயமாக இருக்கிறது. கட்டங்கள் பெருகினால் குறிப்பேடு இரண்டாம் மாதத்தில் நின்றுவிடும். மூன்று செடிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றின் எதிரிலும் தரையில் ஒரு முளை அடித்து, வாரம் ஒரு முறை அந்த முளைமேல் நின்று அதே உயரத்தில், அதே திசையில் கைப்பேசியால் படம் எடுத்தால் போதும். தேதியும் மணியும் படத்திலேயே பதிவாகிவிடும். எண்ணுவதைப் பின்னர் ஓய்வாகச் செய்யலாம். இன்று கேட்கத் தோன்றாத கேள்விக்கும் அந்தப் படத்தில் விடை இருக்கும். காலை ஒளியில் எடுங்கள். உச்சி வெயிலில் வெள்ளைப் பூக்கள் படத்தில் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

பதியன்

மண்வெட்டி சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். படம் இருந்தாலும் கவாத்து, உரம், நீர் ஆகியவற்றை எழுதத்தான் வேண்டும். அவை படத்தில் தெரியா. மூன்று செடிகள் என்றால், மழைக்குப் பூக்கும் ஒன்று, இரவின் நீளத்துக்குப் பூக்கும் ஒன்று, எப்போதும் பூக்கும் ஒன்று என்று தேர்ந்தால் நல்லது. கொடிமுல்லை அவர்களின் பட்டியலில் மழை லில்லி, செவ்வந்தி, செம்பருத்தி மூன்றும் அதற்குப் பொருந்தும். மல்லிகையை விட மனமில்லையென்றால் நான்காவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் தரையிலிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். மாடித் தொட்டியின் மண் பகலில் விரைவாகச் சூடேறி விரைவாகக் காயும்; ஆகவே அது காட்டும் பருவம் பெரும்பாலும் மாடியின் பருவமாகத்தான் இருக்கும்.

வெப்பத்தைக் கணக்கிட விரும்பினால், 1735இல் பிரெஞ்சு அறிவியலாளர் ரேயோமூர் முன்வைத்த எண்ணத்தின் வழிவந்த ஒரு முறை இன்றும் புழக்கத்தில் உள்ளது. ஒரு நாளின் உயர்ந்த வெப்பத்தையும் தாழ்ந்த வெப்பத்தையும் கூட்டிப் பாதியாக்கி, செடி வளரத் தொடங்கும் அடிப்படை வெப்பத்தைக் கழித்து, எஞ்சியதை நாள்தோறும் கூட்டிக்கொண்டே வருவது அது. அடிப்படை 10 பாகை செல்சியஸ் என்று கொண்டால், 34 வரை ஏறி 24 வரை இறங்கிய நாளின் கணக்கு 19. குளிர்நாட்டில் இது பூக்கும் நாளை நன்றாகவே முன்னறிவிக்கும். எப்போதும் வெம்மையான இடத்தில் நாள்தோறும் ஏறக்குறைய ஒரே எண் வருவதால் அதிகம் சொல்லாது. அங்கே வேரடி சொன்ன மழைக் கட்டத்துக்கே முதலிடம் கொடுப்பேன்.

பருவங்களின் பெயர் பற்றிய கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை. குறிக்கும்போது எந்தப் பருவப் பெயரையும் எழுத வேண்டாம் என்பது என் கருத்து. தேதியை மட்டும் எழுதி, ஜனவரி முதல் நாளை 1 என்று கொண்டு அதை ஆண்டின் நாளெண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள்; பிப்ரவரி முதல் நாள் 32 ஆகும். நெட்டாண்டில் பிப்ரவரிக்குப் பின் ஒன்று கூடும். சில ஆண்டுகளின் எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால், எந்தெந்த நிகழ்வுகள் கூட்டமாகச் சேர்கின்றன, எங்கே இடைவெளி விழுகிறது என்று தெரியவரும். தங்கள் தோட்டத்துக்குப் பருவங்கள் நான்கா, ஆறா, அல்லது மூன்றே மூன்றா என்பதை அந்த இடைவெளிகளைக் கொண்டு பின்னர் முடிவு செய்யலாம்.

கொடிமுல்லை

மிகவும் பயனுள்ள விளக்கங்கள். நான்கு செடிகளையும் பதியன் ஐயா சொன்னபடியே தேர்ந்துகொள்கிறேன்; செவ்வந்தித் தொட்டிகளையும் வேரடி அவர்கள் சொன்னவாறு இடம் மாற்றுகிறேன். கடைசியாக ஒன்று. வெளியூர் சென்று சில நாள்கள் கழித்துத் திரும்பும்போது பூக்காலம் ஏற்கெனவே தொடங்கியிருந்தால், திரும்பிய நாளையே தொடக்கமாக எழுதலாமா?

பதியன்

வேண்டாம். பூ இல்லை என்று கடைசியாகப் பார்த்த நாளையும், பூ இருப்பதை முதலில் பார்த்த நாளையும் இரண்டாகவே எழுதுங்கள். இடையில் இரண்டு நாள் இருந்தால் அந்தத் தேதியை நம்பிக் கணக்கிடலாம். பன்னிரண்டு நாள் இருந்தால் அவ்வாண்டின் தொடக்கத் தேதியை விட்டுவிட்டு, பாதி மலர்ந்த நிலையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் இருக்கும் நாள்களுக்கும் இதே முறையைக் கையாளுங்கள். வாரம் ஒரு முறை பார்ப்பவருக்கு எந்தத் தேதியிலும் ஒரு வார ஐயம் உண்டு. அந்த ஐயத்தையும் தேதியோடு சேர்த்தே எழுதி வையுங்கள்.